நின்ற இடத்திலேயே ஏற்றிய கார்

காரை லாரி மேல் ஏற்றும்போது அண்ணன் பக்கத்தில் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

"இடது பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும், போதும்."

லாரிக்காரன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த பொத்தானை அழுத்தினான். இரும்புக் கயிறு சுருண்டது. கார் சாய்ந்த பலகையில் மெதுவாக ஏறியது. முன் சக்கரம் உருளும்போதெல்லாம் உள்ளே ஏதோ அரைபட்டது. பல்லில் கல் கடிபட்டால் வருமே, அந்தச் சத்தம்.

அவள் வழக்கமாக ஐஸ் பெட்டி தூக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அக்கம்பக்கத்தில் அவளுக்கு ரத்தக்காரம்மா என்று பெயர். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் காலையில் எடுக்கும் ரத்தத்தைக் குழாய் குழாயாக வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மதியத்துக்குள் டவுனில் இருக்கும் லேபில் சேர்க்க வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு உப்பு, ஒருவருக்கு என்னவென்றே இன்னும் தெரியாது. லேப் அவளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கூலி கொடுத்தது. டீசல் வண்டி வைத்திருந்தபோது கூலியில் பெரும்பங்கை டீசலே குடித்தது. அதனால்தான் மின்சாரக் காருக்கு மாறினாள். வீட்டுக்காரர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருந்தார். குடும்பம் அந்தக் காரின் நான்கு சக்கரத்தில் ஓடியது.

"சர்வீஸே தேவைப்படாது மேடம்" என்று விற்றவன் சொல்லியிருந்தான். "ஆயில் கிடையாது. பிளக் கிடையாது. பெல்ட் கிடையாது. உடையறதுக்கு உள்ள என்ன இருக்கு?"

கம்பெனிக்கு இருந்த ஒரே சர்வீஸ் நிலையம் பெருநகரத்தில் இருந்தது. முழுச் சார்ஜில் கிளம்பினாலும் பாதி வழிக்கு மேல் போக முடியாத தூரம். உடையவே போவதில்லை என்றால் தூரம் எவ்வளவு இருந்தால் என்ன என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு மட்டும் அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "இஸ்திரிப் பெட்டி" என்பான். "என்ன பாப்பா, இஸ்திரிப் பெட்டி சூடாயிடுச்சா, கிளம்பலாமா?" அவளுக்குத் தலையில் நரை விழுந்த பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

திங்கட்கிழமை அது நின்றது. சரிவில் இருந்த ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் குழாய்களை வாங்கித் திரும்பினால், கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்துத் திறந்தாள். திரை கறுத்துக் கிடந்தது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. இரவு முழுக்கச் சார்ஜ் ஏறிய கார் செத்துக் கிடந்தது.

உதவி எண்ணில் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. வண்டியை நகர்த்த வேண்டாம், லாரி வரும் என்றது. எப்போது என்று கேட்டாள். நாளைக்கு, இல்லாவிட்டால் நாளை மறுநாள்.

வெயில் ஏறியது. பெட்டியில் ஐஸ் இளகத் தொடங்கியது. அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

அண்ணன் உழுதுகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு டிராக்டரோடு வந்தான். வந்ததும் முதல் வேலையாக, அந்த வழியாகப் போன பால் வண்டியை மறித்து ஐஸ் பெட்டியை ஏற்றி டவுனுக்கு அனுப்பினான். அதோடு நின்றிருக்கலாம்.

"இத இங்கயே போட்டுட்டு வந்தா நாளைக்கு சக்கரம் இருக்காது. வா, இழுத்துடலாம்."

"நகர்த்தாதேன்னு சொன்னாங்க அண்ணே."

"அவங்களுக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சொல்லுவாங்க. வண்டின்னு இருந்தா இழுத்தா வரணும்."

வரவில்லை. கயிறு விறைத்தது. முன் சக்கரங்கள் உருளாமல் தேய்ந்து, சாலையில் கறுப்புக் கோடு போட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களெல்லாம் வெளியே வந்து நின்று யோசனை சொன்னார்கள். அண்ணன் கியரைக் குறைத்து டிராக்டரை உறுமவிட்டான். காருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சக்கரங்கள் உருளத் தொடங்கின.

"இளகிடுச்சு" என்றார் ஒரு பெரியவர். இரண்டு பேர் கை தட்டினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவளும் சிரித்துவிட்டாள். வழியெல்லாம் அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவளை வீடுவரை இழுத்து வந்தான். சின்ன வயதில் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துத் திரும்பிப் பார்த்த அதே முகம்.

மறுநாள் உதவி எண்ணிலிருந்து வேறொரு குரல் பேசியது. கடமைக்குக் கேட்பதுபோல் கேட்டது: "வண்டிய யாரும் கட்டி இழுக்கலையே மேடம்? நிறுத்துனா சக்கரத்த பிடிக்கிற பார்க்கிங் பூட்டு விழுந்த வண்டிய இழுத்தா உள்ள பூட்டு உடைஞ்சிடும். அதுக்கு வாரண்டி கிடையாது."

"இல்லைங்க" என்றாள். "நின்ன இடத்துலதான் இருக்கு."

லேப் மேலாளரையும் கூப்பிட்டாள். சனிக்கிழமை வரைக்கும் தன் மச்சானை பைக்கில் அனுப்பிச் சமாளிப்பதாக அவர் சொன்னார். அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். அண்ணனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

இப்போது லாரி கிளம்ப வேண்டும். "தனியா அவ்வளவு தூரம் லாரியில போவியா?" என்று அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். கூடவே அண்ணியும் வந்தாள். வாசலில் நின்று அண்ணனுக்குப் புத்தி சொன்னாள்.

"போய்ட்டு வாங்க. போற எடத்துல பெரிய மனுஷன் வேஷம் போட்டு எதையாவது தலையில ஏத்திக்கிட்டு வந்துடாதீங்க."

சொன்னது அண்ணனிடம். பார்த்தது அவளை.

லாரியின் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் லாரிக்காரன் கம்பெனி கொடுத்த சீட்டை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்துப் பார்த்தான்.

"அக்கா, இதுல ரோட்டோரம்னு இருக்கு. நீங்க போன்ல வழி சொல்லி, நான் உங்க வீட்டு வாசல்ல ஏத்தியிருக்கேன்."

அவள் பின்னால் கட்டியிருந்த காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கல, விடுங்க. ரோட்டோரம்னே எழுதிக்கறேன். அங்க போனதும் நீங்களும் நின்ன எடத்துலேயே ஏத்துனோம்னு சொல்லிடுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க. இந்த ரகத்துல மாசத்துக்கு ரெண்டு மூணு ஏத்துறேன். பாதிக்கு மேல நம்மாளுங்க இழுத்து உடைச்சதுதான். பெட்ரோல் காரு மாதிரி நெனச்சுக்கிட்டு மாட்டக் கட்டுவான், லாரியில கட்டுவான். போன மாசம் ஒருத்தர் ஜேசிபிலயே தூக்கினாரு. அடியில இருந்த பேட்டரி பப்படமா ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பக்கத்தில் இருவரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த டக்குன்னு ஒரு சத்தம்..." என்று ஆரம்பித்தான்.

"பூட்டு உடைஞ்ச சத்தம் அண்ணே" என்றான் லாரிக்காரன்.

"இளகினதுன்னு நெனச்சோம்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. உடைஞ்ச துண்டு உள்ளேயே கிடக்கும். அப்புறம் இழுக்க இழுக்க கியர் பல்லெல்லாத்தையும் தின்னுடும்."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"நேத்துதான் தெரியும்."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லி என்ன ஆகப் போகுது?"

சாப்பிட நிறுத்தியபோது அவன் இறங்கவில்லை. பசியில்லை என்றான். பசியில்லை என்று அண்ணன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சர்வீஸ் நிலையம் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கார்கள் சத்தமில்லாமல் நின்றன. அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றப் போனான். "பரவாயில்லை சார், வாங்க" என்றான் வாசலில் நின்றவன்.

அவர்களைக் கவனித்த சர்வீஸ் அதிகாரிக்கு அண்ணனைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை தெரிந்தது. நன்றாகத்தான் பேசினார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். காரைப் பார்க்கப் போனவர் கொஞ்ச நேரத்திலேயே திரும்பினார்.

"நின்னதுக்குக் காரணம் சின்ன பேட்டரி மேடம். பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கு. விளக்கு, கதவு, கம்ப்யூட்டர் எல்லாம் எழுந்திருக்க ஒரு சின்ன பேட்டரி வேணும். சாதாரணக் கார்ல இருக்கிற அதே சைஸ். உங்க ஊர்க் கடையிலயே கிடைக்கும்."

"ஊர்லயே மாட்டியிருக்கலாமா?"

"பத்து நிமிஷ வேலை."

"போன்ல யாரும் சொல்லலையே."

"போன்ல இருக்கிறவங்க சொல்லக் கூடாதுன்னு இருக்கு. தப்பா மாட்டிட்டா பிரச்சனை." காகிதத்தைப் புரட்டினார். "அது போகட்டும். கியர் பெட்டிக்குள்ள பார்க்கிங் பூட்டு உடைஞ்சிருக்கு. மோட்டாரும் கியரும் ஒரே யூனிட். இங்க பிரிக்க மாட்டோம். முழுசா மாத்துவோம். வெளியில ஒரு பட்டறையில பிரிச்சு சரி பண்ணிட்டாலும், எங்க கம்ப்யூட்டர் ஒத்துக்கலைன்னா வண்டி நகராது."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். காரின் விலையில் பாதி.

"கட்டி இழுத்தீங்களா?" என்றார் அதிகாரி. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல. நின்ன இடத்துலேயே ஏத்தினோம்."

அவர் எழுதினார். பேனாவை வைத்தார். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேலே கேட்டு வருவதாக எழுந்து போனார்.

அவள் மூச்சு விட்டாள். இவ்வளவுதான் வேலை, முடிந்தது என்று தோன்றியது. வாரண்டியில் யூனிட் போட்டு, வெள்ளிக்கிழமை கார் கைக்கு வந்தால், திங்கள் காலை முதல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம்.

அதிகாரி இன்னொருவரோடு வந்தார். டை கட்டிய அந்த இன்னொருவர் கையில் கேமரா இருந்தது. அவர் வணக்கம் வைத்துவிட்டு நேராகக் காரிடம் போனார்.

"மேடம், ஒரு விஷயம்" என்றார் அதிகாரி. "யாரும் இழுக்கல. ஆனா பூட்டு உடைஞ்சிருக்கு. அப்படின்னா நிறுத்தி வெச்ச வண்டியில, அதுவும் சரிவுல, பூட்டு தானா உடைஞ்சிருக்கு. உருண்டிருந்தா ஆஸ்பத்திரி வாசல்ல யார் மேலயாவது ஏறியிருக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட குறை. இந்த மாதிரி வந்தா நாங்க கை வைக்கக் கூடாது. காருக்கு சீல் வெச்சு, யூனிட்ட அப்படியே பேக்டரிக்கு அனுப்பணும். அவங்க பிரிச்சுப் பார்த்து எழுதி அனுப்புவாங்க."

"பேக்டரி எங்க இருக்கு?"

"கடல் தாண்டி."

"அதுவரைக்கும் வேற யூனிட் போட்டுக் குடுங்க."

"விசாரணை முடியாம வண்டிய ரோட்டுல விட முடியாது. போன தடவை ஒண்ணு அனுப்பினோம். அஞ்சு மாசம் ஆச்சு."

"மாத்து வண்டின்னு ஒண்ணு குடுப்பாங்கன்னு வாங்கும்போது சொன்னாங்களே."

"குடுப்போம். நகரத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு. உங்க ஊர் அந்த எல்லைக்குள்ள வரல."

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். டை கட்டியவர் குனிந்து முன் சக்கரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் பொய்யை நம்பிவிட்டார்கள். கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சும்மா கேக்கறேன்" என்றாள். "ஒருவேளை இழுத்ததுல உடைஞ்சிருந்தா?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா விசாரணை கிடையாது. உங்க செலவு. யூனிட் உள்ள ஸ்டாக்குல இருக்கு. பணம் கட்டினா இந்த வாரக் கடைசியில எடுத்துட்டுப் போகலாம்." அவர் காகிதத்தை மேசையிலேயே வைத்திருந்தார். இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அண்ணன் எழுந்தான்.

"நான்தான் சார் இழுத்தேன். டிராக்டர்ல கட்டி இழுத்தேன். அவ வேணாம்னுதான் சொன்னா."

"அண்ணே, உக்காரு."

"டிராக்டர வாங்க ஆள் இருக்கு. போன வாரம்கூட ஒருத்தன் கேட்டான். ரெண்டு நாள்ல பணம் கட்டிடறேன். யூனிட்ட மாட்டுங்க சார்."

அவன் குரல் அந்தச் சுத்தமான அறைக்குப் பெரிதாக இருந்தது. அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் அவன் கையைப் பார்த்தாள். வரும் வழியில் எவ்வளவு துடைத்தும் நகக்கண்ணில் மண் இருந்தது. விற்றுவிடுவான். சொன்னால் செய்துவிடுவான். அப்புறம் அடுத்த உழவுக்கு அவன் யார் வாசலில் போய் நிற்பான்? அண்ணி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒவ்வொரு தடவை இவள் காரில் ஏறும்போதும் வாசலுக்கு வந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து மாதம் கழித்து இதே செலவு வந்தாலும் அண்ணனுக்கு இந்த வேகம் இருக்காது. இருக்காதபடி அண்ணி பார்த்துக்கொள்வாள். அதுவே நல்லது.

"சார்" என்றாள். "இவர் என் கூடப் பொறந்தவர். நான் கஷ்டப்படுறத பார்க்க முடியாம சொல்றாரு. இவர் அன்னிக்கு அங்க வரவே இல்ல."

"பாப்பா."

"டிராக்டர் எல்லாம் வரல. வண்டி என் பேர்ல இருக்கு. நான் சொல்றத எழுதுங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பேக்டரியில பிரிச்சுப் பார்ப்பாங்க மேடம்" என்றார் மெதுவாக. "தானா உடைஞ்சதுக்கும் இழுத்து உடைஞ்சதுக்கும் வித்தியாசம் அவங்களுக்குத் தெரியும். அப்ப இந்தச் செலவோட லாரி, கப்பல், நிறுத்தி வெச்ச வாடகை எல்லாம் சேர்ந்து வரும்."

"வரட்டும்."

"கார்க் கடன் தவணை ஓடிக்கிட்டிருக்கும்."

"தெரியும்."

அவர் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது அண்ணன் அறையில் இல்லை.

வெளியே சாலையோரத்தில் நின்றிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். சீல் ஒட்டப்பட்ட கார் கொட்டகையின் கடைசி மூலைக்குத் தள்ளப்பட்டது இங்கிருந்தே தெரிந்தது. அங்கே ஏற்கெனவே தூசி படிந்த இரண்டு மூன்று நின்றன.

"அண்ணே."

"ம்."

"நீ சொன்னத அவங்க எழுதியிருந்தா டிராக்டர் போயிருக்கும்."

"போனா போயிருக்கும். என் டிராக்டர்." அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கலப்பைய நெலத்துலயே விட்டுட்டு ஓடி வந்தேன் அன்னிக்கு. வரவே இல்லையாம்."

"அப்படிச் சொன்னாத்தான்..."

"தெரியுது. நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியுது. பேசாம இரு."

பேருந்து வந்தது. அண்ணன் முன்னால் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டான். அவள் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து அவனிடம், "ரெண்டு பேரா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணு" என்றான்.

அவள் தனியாக டிக்கெட் வாங்கினாள். லேப் மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கஷ்டம்தான்மா" என்றார். மச்சானே தொடர்ந்து ஓட்டட்டும் என்று முடிவு செய்துவிட்டார் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. எப்போது வேண்டுமானாலும் வந்து கேளுங்கள் என்றார். சரி சார் என்றாள்.

பேருந்து நகரத்தை விட்டு வெளியேறும்போது போன் அடித்தது. சரிவு ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அக்கா, வண்டி சரியாயிடுச்சா? திங்கட்கிழமை வர்றீங்கல்ல?"

"இல்லம்மா. இனிமே வேற ஆள்தான் வருவாங்க."

"இந்த பைக்குக்காரரா? அவரு ஒண்ணுமே கேக்க மாட்டாருக்கா. குடுத்தா வாங்கிட்டுப் போயிடறாரு."

"நீ அவர்கிட்ட சொல்லிக் குடு. பைக்ல வர்ற பெட்டி சின்னதா இருக்கும். குழாய நெருக்கி அடுக்காத. சரிவுல குலுங்கும். நடுவுல துணிய மடிச்சு வை."

"சரிக்கா."

"ஐஸ் அடியில மட்டும் போடாத. மேலயும் போடு."

"சரிக்கா" என்றாள் நர்ஸ். பின்னால் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.